சுரங்க வாயிலில் மோட்சப் பயணி: கிறித்தவத் தமிழிலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமயநெறி மக்கள் உள்ளத்தில் வேரூன்றி நிற்பதற்கு மூன்று ஊற்றுகள் துணை செய்கின்றன. முன்னோர் வழியாக வந்த வரலாறு ஒன்று. அவ்வரலாற்றின் பொருளை ஆராய்ந்து வகுக்கும் இறையியல் மற்றொன்று. அவரவர் வாழ்வில் பட்டுத் தெளியும் அனுபவம் மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்து பாயுமிடத்தே நம்பிக்கை உயிரோடு இருக்கும். ஒன்று வற்றினாலும் மற்றவை நெடுநாள் தாங்கா. வரலாறு மட்டும் எஞ்சினால் அது பழம்பெருமையாகும். இறையியல் மட்டும் எஞ்சினால் வறட்டு வாதமாகும். அனுபவம் மட்டும் எஞ்சினால் ஒருவர் கண்ணீரை மற்றொருவர் அறிய வழியில்லாமற்போகும்.

இக்கருத்தைக் கிறித்தவத் தமிழிலக்கியத்தின் மீது பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பார்க்கும் இடம் நம்முடைய கோலார் தங்கவயல். பாளையங்கோட்டையிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ நோக்குவார்க்குப் புலப்படாத சில செய்திகள், தங்கவயலின் லைன் வீட்டுத் திண்ணையிலிருந்து நோக்குவார்க்குப் புலப்படும் என்பது நம் துணிபு. கிறித்தவரல்லாத அன்பர்களும் இம்மலரைப் படிப்பர். அவர்களுக்கும் இது அயலார் செய்தியன்று. தாய்மண்ணை விட்டு வந்தவர்கள் தம் தெய்வத்தை எம்மொழியில் அழைத்தனர், அம்மொழி அவர்கள் துயரை ஏற்றதா என்னும் வினா நம் எல்லோர்க்கும் பொதுவானது.

வரலாறு தந்த செல்வம்

1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1714, 1715-ஆம் ஆண்டுகளில் அச்சேற்றினார். பின்னர் பப்ரிசியசு மொழிபெயர்ப்பும், 1871-இல் பவர் தலைமையில் அமைந்த ஐக்கிய மொழிபெயர்ப்பும் வந்தன. கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி உருவாக்கிய திருவிவிலியம் 1995-இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 300 ஆண்டுகள் வேதம் தமிழில் திருத்தப்பட்டும் புதுக்கப்பட்டும் வந்துள்ளது. தங்கவயலுக்குத் தகரப்பெட்டியோடு வந்த குடும்பங்கள் பலவற்றில் அப்பெட்டிக்குள் இருந்த அச்சு நூல் இவ்வேதம் ஒன்றே. எழுத்தறியாத தாய்மார் அதைப் பிறர் படிக்கக் கேட்டே தமிழின் உரைநடை ஓசையைச் செவியில் ஏற்றனர்.

இவ்வரலாற்றுக்குக் காப்பிய வடிவம் தந்தவர் இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர். 1726-இல் அவர் முடித்த தேம்பாவணி, 36 படலங்களும் 3,615 விருத்தங்களும் கொண்டது. அதன் தலைவன் சூசையப்பர்; முனிவர் அவருக்கு வளன் எனத் தமிழ்ப்பெயர் சூட்டினார். ஈண்டு நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சூசையப்பர் ஒரு தச்சர், கைத்தொழிலாளி. ஏரோதின் கொடுமைக்கு அஞ்சிக் கைக்குழந்தையையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு அயல்நாடாகிய எகிப்துக்குக் குடிபெயர்ந்தவர். உழைப்பாளியும் குடிபெயர்ந்தோனுமாகிய ஒருவனைப் பெருங்காப்பியத் தலைவனாக்கியது தமிழில் அரிய செயலாகும்.

எனினும் காப்பிய மரபு தன் வரியைத் தவறாமல் பெற்றுக்கொள்கிறது. தன்னேரில்லாத் தலைவன் வேண்டுமென்று இலக்கணம் கேட்பதால், தாவீது அரசன் குலத்தோன்றல் என்னும் சிறப்பு முன்னிற்கிறது. தச்சுத்தொழிலின் வியர்வை பின்செல்கிறது. நாட்டு வளமும் நகர் வளமும் தமிழக மருதநிலத்தின் செழிப்போடு பாடப்படுகின்றன. முனிவரின் புலமையைக் குறைகூறுவது நம் கருத்தன்று. வேற்று மண்ணில் பிறந்தவர் தமிழ் மரபை இத்துணை ஆழ்ந்து கற்றமை வியப்புக்குரியது. ஆனால் மரபை ஏற்ற அளவுக்கு அம்மரபின் கண்ணையும் அவர் ஏற்றார். அக்கண்ணுக்கு அரண்மனை தெரியும் அளவுக்குப் பட்டறை தெரிவதில்லை. இக்குறை அவருடையது மட்டுமன்று, நம் காப்பிய மரபு முழுவதற்கும் உரியது.

இறையியலும் யாத்திரிகமும்

இனி இறையியலுக்கு வருவோம். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையில் வைணவக் குடியில் பிறந்து கம்பனில் தோய்ந்தவர். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்தது 1894-இல். இடைப்பட்ட 36 ஆண்டுகள் ஒரு மனிதன் தன் மனமாற்றத்தின் பொருளை எண்ணி எண்ணித் தெளிந்த காலம் எனலாம்.

இக்காப்பியத்தின் முதனூல் ஆங்கிலத்தில் ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உரைநடைக் கதை. பாவச்சுமையை முதுகில் தாங்கிய ஒருவன் நாசபுரியை விட்டு வான்நகர் நோக்கி நடக்கும் கதை அது. மோட்சப் பிரயாணம் என்னும் பெயரால் தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் அது நன்கறியப்பட்டது. பனியன் ஈயம்பூசிப் பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி. அரசின் அனுமதியின்றிச் சமய உரை நிகழ்த்தியதற்காக 1660 முதல் 12 ஆண்டுகள் பெட்போர்டு சிறையில் இருந்தவர். தம் தெருவில் பேசும் மொழியிலேயே எழுதினார். கிருஷ்ணபிள்ளையோ அதனைக் கம்பன் நடையில் விருத்தங்களாக வார்த்தார். பாத்திரம் பூசுவோன் சொல்லிய கதை, தமிழுக்கு வருங்கால் அவைக்களப் புலவரின் பட்டாடை உடுத்து வந்தது.

இதனால் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. பெற்றது, பக்தி மரபின் உருக்கம். பனியன் நூலில் விரிவாக இல்லாத கிறிஸ்துவின் பாடுகளைக் கிருஷ்ணபிள்ளை இரட்சணிய சரித படலமாக விரித்துப் பாடினார். இடையிடையே தேவாரம் எனப் பெயரிட்டு இசைப்பாக்களை அமைத்தார். எனவே வரலாறு, இறையியல், அனுபவம் ஆகிய மூன்றும் ஒரே நூலுள் சேர்ந்தன. பாடுகளின் வரலாறு நடுவில் நிற்கிறது. யாத்திரை என்னும் உருவகம் இறையியலைத் தாங்குகிறது. தேவாரங்களில் கவிஞரின் சொந்தக் கண்ணீர் ஒலிக்கிறது. கிறித்தவத் தமிழில் இம்மூன்றையும் இவ்வளவு நிறைவாகச் சேர்த்த நூல் பிறிதொன்றில்லை என்பது நம் மதிப்பீடு. இழந்தது, எளிய வாசகன். தேவாரங்கள் செவிவழி பரவின. ஆனால் விருத்தங்களின் பொருளறிய உரையாசிரியர் துணை வேண்டியதாயிற்று.

வெள்ளிச் சுரங்கக் காட்சி

தங்கவயல் வாசகன் இக்கதையைப் படிக்குங்கால் அவனைத் தடுத்து நிறுத்தும் காட்சி ஒன்று பனியன் நூலில் உள்ளது. வழியோரத்தில் ஆதாயமலை என ஒரு மலை. அதில் ஒரு வெள்ளிச் சுரங்கம். சுரங்கத்தருகே தேமா என்பவன் கனவான்போல் நின்று வழிப்போக்கரை அழைக்கிறான். சிறிது தோண்டினால் பெருஞ்செல்வம் கிட்டும் என்கிறான். அவ்விடம் ஆபத்தானதன்றோ எனப் பயணி வினவ, கவனமின்றி இருப்பவர்க்கே ஆபத்து என மழுப்புகிறான். அப்படிச் சொல்லும்போதே அவன் முகம் சிவக்கிறது. பயணி விலகி நடக்கிறான். அவன் பின்னே வந்த சிலர் மலையை நோக்கித் திரும்பினர். அவர்கள் விளிம்பில் எட்டிப்பார்த்து விழுந்தனரோ, தோண்ட இறங்கினரோ, அடியில் எழும் நச்சுக்காற்றில் மூச்சடைத்தனரோ, ஆசிரியர் உறுதியாகக் கூறவில்லை. அவ்வழியில் அவர்களை மீண்டும் கண்டாரில்லை.

இக்காட்சியின் இறையியற்பொருள் தெளிவு: பொருளாசை ஆன்மாவை விழுங்கும். திருமறையில் தேமா என்பவன் இவ்வுலக ஆசையால் பவுலை விட்டுப் பிரிந்தவன். எனவே பெயரும் பொருத்தமே. மேடையிலிருந்து கேட்பார்க்கு இவ்வுரை போதும். சுரங்கத்தில் இறங்குவார்க்குப் போதுமா?

நம் முன்னோர் வடஆர்க்காடு, சித்தூர், சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து இங்கு வந்தது செல்வம் தேடியன்று. பஞ்சமும், நிலமின்மையும், ஊர்த்தெருவில் நடக்கவும் தடைவிதித்த சாதிக்கொடுமையும் அவர்களை விரட்டின. 1880 முதல் இங்குச் சுரங்கத் தொழிலை நடத்தியது இலண்டன் நகரத்து ஜான் டெய்லர் நிறுவனம். 120 ஆண்டுகளில் இம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட தங்கம் 800 டன்னுக்கு மேல். தோண்டியவன் வீட்டில் அதில் குன்றிமணியளவும் தங்கவில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் சென்றது. ஆழம் மிக மிகப் பாறையின் அழுத்தம் கூடித் திடீரெனச் சிதறும். மேலே லைன் வீடுகளின் சுவர் அதிரும். இறங்கியவர் யார் யாரென்று வீடுதோறும் நெஞ்சு பதறும். குவார்ட்சுத் தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு மெல்ல மடிந்தோர் வேறு.

எனவே இவ்வுருவகத்தை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டியுள்ளது. ஆதாயமலையில் தேமா ஒருவன், தோண்டுவோன் வேறொருவன். பொருளாசையின் குற்றம் அழைப்பவன் மேல் நிற்கிறது. குடும்பத்தின் பசிக்காக இறங்குவோன் மேல் அதைச் சுமத்துதல் அறமாகாது. விழுந்தோரையும் தோண்டினோரையும் மூச்சடைத்தோரையும் பனியன் ஒரே வரிசையில் வைத்தார். ஆனால் அவருடைய கூரிய கண் தேமாவின் முகம் சிவந்ததையும் பதிவு செய்தது. ஆபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் எனக் கூறும் வழக்கம் எத்துணைப் பழையது என்பதை அந்த ஒரு குறிப்பு காட்டிவிடுகிறது. ஒரு நூலின் இறையியல் சொல்லாமல் விட்டதை அதன் இலக்கியம் சொல்லிவிடும் இடம் இது. அனுபவமுள்ள வாசகனே அதைக் கண்டெடுக்க முடியும்.

வேதத்திலேயே இதற்குத் துணையும் உண்டு. யோபு நூலின் 28-ஆம் அதிகாரம் சுரங்கத் தொழிலையே பாடுகிறது. மக்கள் குடியிருப்புக்கு அப்பால் குழிதோண்டி, கால்வைக்க இடமின்றித் தொங்கி, இருளின் எல்லையைத் தேடிச் சென்று, பருந்தின் கண்ணும் அறியாத பாதையில் பொன்னும் மணியும் எடுக்கும் மனிதரை அது வியந்து விளக்குகிறது. பின்பு, பொன் கிடைக்குமிடம் தெரிந்தது, ஞானம் கிடைக்குமிடம் எங்கே என வினவுகிறது. இவ்வதிகாரத்தில் சுரங்கத் தொழிலாளியைப் பழிக்கும் சொல் ஒன்றுமில்லை. அவனுடைய உழைப்பு மனித ஆற்றலின் உச்சமாக வைக்கப்படுகிறது. அதற்கும் எட்டாத உயரத்தில் இறைஞானம் வைக்கப்படுகிறது. தங்கவயலின் வேதப்பகுதி எதுவென வினவினால் நாம் இதனையே காட்டுவோம்.

கீர்த்தனையும் சாதியும்

அனுபவத்தின் மொழி பெரும்பாலும் பாட்டாகவே வரும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியும் ஞான ஏற்றப்பாட்டும் எண்ணிறந்த கீர்த்தனைகளும் இயற்றியவர். குறவஞ்சி, ஏற்றப்பாட்டு முதலிய வடிவங்கள் உழைக்கும் மக்களிடமிருந்து வந்தவை அல்லது அவர்களைப் பாடுபவை. எழுத்தறியாதாரும் கீர்த்தனையைப் பாடலாம், இருளிலும் பாடலாம், ஏட்டைப் பிரியாமலே அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கலாம். கிருஷ்ணபிள்ளையின் விருத்தம் எட்டாத இடமெல்லாம் சாஸ்திரியாரின் பாட்டு எட்டியதன் காரணம் இதுவே.

ஆயினும் திறனாய்வு முகமனோடு நின்றுவிடலாகாது. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை முற்றும் ஒழிதல் வேண்டும் என 1833-இல் ஆணையிட்டார். தஞ்சையில் அதனை எதிர்த்த வேளாளக் கிறித்தவர் பக்கம் நின்றவர் சாஸ்திரியார். அதற்கு முன்னரே சாதி வழக்கங்களுக்கு ஆதரவாக அவர் எழுதியும் இருந்தார். ஏற்றம் இறைப்போரின் மெட்டை ஆலயத்துக்குள் அழைத்த பாவலர், ஏற்றம் இறைப்போரைத் தம் பக்கத்தில் அமர அழைக்கத் தயங்கினார். பாட்டின் இனிமை இவ்வுண்மையை மறைத்தலாகாது; இவ்வுண்மை பாட்டின் இனிமையை அழித்தலும் வேண்டா. இரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்துப் பாடுவதே வரலாறறிந்தோர் செயல்.

தங்கவயலில் இவ்வினாவுக்கு ஒரு தனிக் கூர்மை உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தொடங்கிய பௌத்த இயக்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் வலுவாக வேர்கொண்டது. அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய தமிழன் இதழ், பின்னாளில் 1926 முதல் கோ. அப்பாதுரையார் முயற்சியால் இங்கிருந்தே வெளிவந்தது. சித்தார்த்த புத்தகசாலை இங்கு நூல்களைப் பதிப்பித்தது. ஆகவே ஒரே சுரங்கக் கூண்டில் பௌத்தரும் வைணவரும் சைவரும் கிறித்தவரும் பகுத்தறிவாளரும் தோள் உரச இறங்கினர். உன் கோயிலில் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறார்களா என்று பக்கத்தில் நிற்பவன் கேட்டால், நூல்வழி இறையியல் மட்டும் அறிந்தவனால் விடை கூற முடியாது. அவ்வினாவை எதிர்கொண்ட நம்பிக்கையே உறுதி பெற்றது. இங்குள்ள பௌத்தர்க்குக் கிறித்தவர் கடன்பட்டிருப்பது இதனாற்றான்.

இவ்வினா பின்னர் இறையியலுக்குள்ளும் புகுந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏ. ஜே. அப்பாசாமி கிறித்தவத்தைப் பக்திநெறியாக விளக்கினார். வெ. சக்கரை இறையியலாளராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் ஒருங்கே விளங்கினார். 1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையோடு தலித் இறையியல் என்னும் துறை உருப்பெற்றது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்னும் பெயரோடு, பறையும் கிராமிய மெட்டும் வழிபாட்டுக்குள் ஒலிக்கச் செய்தார். ஓர் உலையில் பொங்கிப் பகிர்ந்துண்ணும் சமத்துவமே அவர் இறையியலின் உயிர். சாஸ்திரியார் மக்கள் மெட்டை எடுத்துக்கொண்டார். அப்பாவு மெட்டோடு மக்களையும் உள்ளே அழைத்தார். 150 ஆண்டுகளில் கிறித்தவத் தமிழ்ப்பாட்டு நடந்த தொலைவு இதுவே.

இன்று நம்முன் உள்ளது

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. சங்கு ஓய்ந்தது, சயனைடு மண்மேடுகள் நின்றன. விடியுமுன் பெங்களூர் செல்லும் இரயிலில் நம் இளைஞர் ஆயிரக்கணக்கில் ஏறி, இருட்டியபின் திரும்புகின்றனர். பலர் குடும்பத்தோடு பெயர்ந்துவிட்டனர். குடிபெயர்ந்தோரின் மக்கள் மீண்டும் குடிபெயர்கின்றனர். புதிய ஊரில் பிள்ளைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பயில்கின்றனர். தமிழைப் பேசுவர், படிக்கமாட்டார். வழிபாட்டு மொழி பற்றிய வழக்கும் பெங்களூர்க் கத்தோலிக்கரிடையே பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. வாழவைத்த கன்னட மண்ணின் மொழியைக் கற்பதும் மதிப்பதும் நம் கடன். அதற்காகப் பாட்டியின் கீர்த்தனை பேரனுக்கு விளங்காத ஒலியாக முடிந்துபோதல் வேண்டுமென்பதில்லை.

இங்கேதான் மூன்று ஊற்றுகளைப் பற்றிய நம் கருத்து நடைமுறைக்கு வருகிறது. நகரத்துப் புதுச் சபைகளில் அனுபவத்துக்குக் குறைவில்லை; உள்ளம் உருகப் பாடுகின்றனர். ஆனால் தம் தாத்தா எந்தச் சுரங்கத்தில் இறங்கினார், எந்தத் தெருவின் இழிவைத் தாளாமல் வந்தார், அவர் வேதத்தில் அடிக்கோடிட்ட பகுதி எது என்பதை அறியாத நம்பிக்கை, வேரற்ற கொடிபோல் எந்தப் பந்தலிலும் படரும். மறுபுறம், பழைய ஆலயங்களின் நூற்றாண்டுப் பெருமையை மட்டும் பேசிக்கொண்டிருப்போரிடம் வேலையிழந்த இளைஞனின் வினாவுக்கு விடையில்லை.

சூசையப்பரைப் பாடக் காப்பியம் பிறந்தது. மனம் மாறிய புலவர்க்கு யாத்திரிகம் பிறந்தது. சுரங்கத்தில் இறங்கியோரின் நம்பிக்கையைக் கூறும் நூல் எழுதப்பட வேண்டும். அதற்குரிய பொருள் சிதறிக் கிடக்கிறது. திருமுழுக்கு, அடக்கப் பதிவேடுகளில் தொழில் என்ற கட்டத்தில் எழுதப்பட்ட சொற்களிலும், கல்லறைக் கற்களிலும், கையெழுத்துப் பாட்டு நோட்டுகளிலும், முதியோர் நினைவிலும் அது இருக்கிறது. கரையானும் மறதியும் நமக்காகக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் முதியோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்தாலே போதும். கிறித்தவர் தம் வரலாற்றையும், பௌத்தரும் சைவரும் வைணவரும் தத்தம் வரலாற்றையும் எழுதுக. நம் சங்கம் அவற்றைத் தொகுத்துக் காத்தல் வேண்டும்.

பனியனின் பயணி சுரங்கத்தை விலக்கி வான்நகர் அடைந்தான். நம் முன்னோர்க்கு அவ்விலகல் வாய்க்கவில்லை. அவர்கள் பாதை சுரங்கத்தின் ஊடாகவே சென்றது. இருளில் இறங்குமுன் நெற்றியில் சிலுவை வரைந்தோரும், அம்மனை நினைந்தோரும், புத்தனை வணங்கினோரும் ஒரே கயிற்றை நம்பினர். ஒருவர் உயிரை ஒருவர் காத்தனர். ஞானம் எங்கே கிடைக்கும் என்னும் யோபுவின் வினாவுக்கு அவர்கள் வாழ்ந்து காட்டிய விடை அது. அவ்விடையைத் தமிழில் எழுதி வைப்பது அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய நம் பொறுப்பாகும்.